என் காலும் அந்தச் சிவப்புப் புள்ளியும்

பிள்ளைகளா, உட்கார்ந்தால் காலாட்டாதீர்கள் என்று உங்கள் அம்மா தினமும் திட்டுகிறாள். நான் மட்டும் வாயைத் திறப்பதில்லை. அவளுக்கு அதிலும் ஒரு கோபம். ஏன் திறப்பதில்லை என்று இங்கே எழுதிவைக்கிறேன். அவளிடம் படித்துக் காட்ட வேண்டாம்.

நீங்கள் ஐந்தாவதும் மூன்றாவதும் படித்த வருடம். மறுநாள் தைப்பூசம். வடலூரில் ஜோதி பார்க்கக் கூட்டிப்போகிறேன் என்று இரண்டு வருடம் சொல்லி, இரண்டு வருடமும் ஷிப்டில் மாட்டிக்கொண்டேன். இந்தத் தடவை லீவு கிடைத்துவிட்டது. ஆனால் அன்று மத்தியானம் ஒரு சோதனை. எங்கள் ஆலையில் பாய்லருக்குக் காற்று தள்ளும் பெரிய ஃபேனில் நாங்கள் புது பேரிங் மாட்டியிருந்தோம். அதிர்வு கூடுதலாக இருந்தால் மறுபடியும் பிரிக்க வேண்டும். பிரித்தால் எல்லார் லீவும் போச்சு.

சோதிக்க வந்தவர் சென்னையிலிருந்து ஒரு பெண் இன்ஜினியர். பேரிங் கம்பிவலைக்குப் பின்னால், கை போகாத இடத்தில் இருந்தது. அதனால் இரும்புத் தட்டு மேடையில் முக்காலி நிறுத்தி, அதன்மேல் லேசர் கருவியை வைத்தார். சிவப்புப் புள்ளி ஒன்று வலைக்குள் புகுந்து பேரிங்மேல் உட்கார்ந்தது. பேரிங் நடுங்குகிற அளவுக்குத் திரையில் கோடு எழும்பும். முக்காலியை யாரும் தட்டிவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. பக்கத்தில் டூல் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டேன்.

கோடு எழும்பியது.

"இன்னாம்மா இது, புது பேரிங்காச்சே," என்றார் எங்கள் ஃபோர்மேன்.

"இன்னொரு தடவ பாப்போம் சார்."

இன்னும் உயரம். எனக்கு உங்கள் முகம் கண்முன் வந்தது. பெரியவள் பாவாடையை இஸ்திரி போட்டு எடுத்து வைத்திருந்தாள். மூன்றாவது தடவை அதைவிட உயரம்.

"விசித்திரமா இருக்கு சார். ஃபேன் செகண்டுக்கு இருபத்தஞ்சு சுத்து சுத்துது. இந்த நடுக்கம் அஞ்சு தடவதான் வருது. ஃபேனுக்கு சம்பந்தமே இல்லாத மாதிரி."

"சம்பந்தம் இருக்குதோ இல்லியோ, பிரிச்சிடலாம். யோவ், கீழ போயி பெரிய ஸ்பேனர எடுத்துக்கினு வா."

எழுந்துபோனேன். திரும்பி வந்தபோது கோடு சமத்தாகப் படுத்திருந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் உட்கார்ந்தேன். கோடு எழுந்தது.

இன்ஜினியர் திரையைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், கடைசியில் என் வலது முழங்காலைப் பார்த்தார்.

"அண்ணே, கொஞ்சம் கால நிறுத்துறீங்களா?"

நிறுத்தினேன். கோடு படுத்தது. என் கால் தட்டை ஆட்ட, தட்டு முக்காலியை ஆட்ட, கருவி பாவம், பேரிங்தான் ஆடுகிறது என்று நம்பியிருக்கிறது. கோடு ஏற ஏற எனக்குக் கவலை. கவலை ஏற ஏறக் கால் வேகம்.

"ஏன்யா, அரை மணி நேரமா நான் பேரிங்க திட்டிக்கினு இருக்கேன், நீ காலாட்டிக்கினு குந்தியிருக்கியா?"

"வூட்லயும் இதுக்குத்தாங்க திட்டு வாங்குறன்."

"ரிப்போர்ட்ல இன்னாம்மா எழுதப்போற?"

"ஃபேன் நல்லா இருக்குன்னு எழுதுறேன் சார். அண்ணனுக்குத்தான் ரிப்பேர்."

லீவு தப்பியது. மறுநாள் சின்னவன் என் தோள்மேல் உட்கார்ந்து ஜோதி பார்த்தான். பார்த்த நேரமெல்லாம் என் நெஞ்சில் காலாட்டிக்கொண்டே இருந்தான்.

சோதனை நடந்த அன்று, எல்லாம் முடிந்ததும் ஃபோர்மேனும் இன்ஜினியரும் டீ குடிக்கக் கிளம்பினார்கள். "கருவியப் பாத்துக்க. நின்னுக்கினே பாத்துக்க," என்று சொல்லிவிட்டுப் போனார் ஃபோர்மேன்.

படியில் செருப்புச் சத்தம் ஓயும்வரை நின்றேன். பிறகு டூல் பெட்டிமேல் உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடி, மூன்றே மூன்று தடவை காலாட்டினேன்.