சீவுகட்டையைத் தொட்டது யார்?

செய்து காட்டி விற்கிற எந்தச் சாமானையும் நான் நம்புவதில்லை. கடைக்காரன் கையில் வழுக்கிக்கொண்டு வெட்டுவது, நம் வீட்டுக்கு வந்ததும் வெண்டைக்காயைக்கூட வெட்டாது. நம்பாமல் இருப்பதுதான் என் உத்தியோகமாகவே இருந்தது. அரசு பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருபத்திரண்டு வருஷம் ஏறி இறங்கியவன் நான். "இப்பத்தான் சார் கையில வச்சிருந்தேன்" என்று சீட்டுக்கு அடியில் குனிந்து தேடுகிறவனின் கழுத்தைப் பார்த்தே, அவன் டிக்கெட் எடுக்கவே இல்லை என்று சொல்லிவிடுவேன். ரிட்டயர் ஆன பிறகும் அந்தக் கண் மாறவில்லை. பால்காரர், கேபிள்காரர், டாக்டர், எல்லாரையும் அந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன். என் மனைவியையும்தான். "உங்களுக்கு சுகர் ரெண்டாவது வியாதிங்க. மொத வியாதி சந்தேகம்" என்பாள் அவள்.

பெரம்பலூரில் எங்கள் வீட்டு அடுப்படி என் கையில் இருந்தது. அவளுக்கு அரியலூரில் அரசு ஆபீஸில் வேலை. சர்வீஸ் இன்னும் மூன்று வருஷம் பாக்கி. காலையில் அவள் எட்டரை பஸ்ஸைப் பிடிப்பதற்குள் டிபனும் மதியச் சாப்பாடும் டப்பாவில் ஏறியிருக்கும். ரிட்டயர் ஆன ஆம்பளை வேறு என்ன பண்ணுவான்? டீக்கடையில் உட்கார்ந்து ஊரைக் குறை சொல்வான். எனக்கு அது ஆகாது. சமையல் பிடித்துப்போனது. பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகு என் பேச்சு எடுபட்ட ஒரே இடம் அந்த அடுப்படிதான். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கிற எண்ணம் எனக்கு இல்லை.

ஆனால் சில மாதங்களாகக் கத்தி என் கையில் சொன்னபடி நிற்கவில்லை. இரண்டு தடவை நழுவி விழுந்தது. "பொரியல்ல ஒரு துண்டு செங்கல்லாட்டம் இருக்கு, ஒரு துண்டு கடுகாட்டம் இருக்கு. என்னாச்சு உங்களுக்கு?" என்று கேட்டாள். கத்தி மொண்ணை என்றேன். சுகர் பார்க்கிற டாக்டர், கால் மரத்துப்போகுதா, கை மரத்துப்போகுதா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். இல்லவே இல்லை என்பேன். நரம்பு டெஸ்ட்டுக்குத் திருச்சிக்கு எழுதித் தந்து கமிஷன் பார்க்கத்தான் அந்தக் கேள்வி என்று எனக்கு ஒரு எண்ணம். ஒருநாள் உழவர் சந்தையிலிருந்து வீடு வந்து சேர்ந்த பிறகுதான், ஒற்றைச் செருப்போடு நடந்து வந்திருக்கிறேன் என்று தெரிந்தது. வார் லூசு என்றேன். அவள் அந்த மிச்சச் செருப்பை எடுத்து வாரை இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

"வாருக்கு ஒண்ணும் இல்லைங்க. டாக்டர்கிட்ட கை காலைக் காட்டுங்க. இல்லன்னா அடுப்படிய எங்கிட்ட வுடுங்க. கத்தி, நெருப்பு, கொதிக்கிற எண்ணெ… எனக்கு ஆபீஸ்ல வேலையே ஓட மாட்டேங்குது."

எனக்குச் சுர்ரென்று வந்தது. என்னை மூலையில் உட்கார வைக்கத் திட்டம் போடுகிறாள் என்றே நினைத்தேன். காய் மட்டும் ஒரே அளவாக விழுந்துவிட்டால் அவள் வாய் அடைந்துவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சீவி மறைக்கலாம் என்று நான் கணக்குப் போட்டேன். அப்படித்தான் காய் சீவுகிற கட்டை வாங்கக் கிளம்பினேன்.

பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பாத்திரக் கடை. விற்கிற பையன் ஒரு சீவுகட்டையைச் சாய்த்து வைத்து, வெள்ளரிக்காயைச் சரசரவென்று இழுத்துக் காட்டினான். காகிதம் மாதிரி விழுந்தது.

"வெள்ளரிக்காய ஸ்கேல வச்சுக்கூட வெட்டலாம் தம்பி. இதை வெட்டு பாப்போம்" என்று பையிலிருந்து சேனைக்கிழங்குத் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினேன்.

அவன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி மின்விசிறியைப் பார்த்தார். முதல் கட்டை சேனையைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. இரண்டாவதில் பிளேடு ஆடியது. மூன்றாவது மேஜையில் வழுக்கிக்கொண்டு ஓடியது. நான்காவதில் ஐந்து பிளேடு, எட்டு வேலை என்று டப்பாவில் போட்டிருந்தது. எட்டு வேலை செய்கிறேன் என்கிறவன் ஒரு வேலையும் ஒழுங்காகச் செய்ய மாட்டான் என்று அதை எடுக்கவே இல்லை. ஐந்தாவதுதான் நின்றது. மடக்குகிற கால், அடியில் ரப்பர், திருகாணி போட்ட எஃகு பிளேடு, கனத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. கூடவே, அடியில் முள் முள்ளாக வைத்த ஒரு பிடி. காயை அந்த முள்ளில் குத்திப் பிடித்துத் தள்ளினால் விரல் பிளேடு பக்கமே போகாது.

"அந்தப் பிடிய யாரும் யூஸ் பண்றதில்ல சார். தூக்கிப் போட்டுருவாங்க. கையாலயே சீவலாம்" என்றான் பையன்.

"அப்ப அதுக்குத்தாண்டா நான் துட்டுக் குடுக்கிறேன்" என்று வாங்கி வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சட்டம் போட்டேன். கட்டைக்கு அடியில் ஈரத்துணி விரிக்க வேண்டும். உருண்டைக் காயை ஒரு பக்கம் தட்டையாக்காமல் ஏற்றக் கூடாது. பிடி இல்லாமல் சீவக் கூடாது. முள்ளங்கி மாதிரி நீளக் காய் பிடிக்கு அடங்காது என்பதால், பாதி வரைக்கும் கையால் தள்ளலாம், பாதியில் நிறுத்திப் பிடிக்கு மாற்றிவிட வேண்டும். கடைசித் துண்டுக்கு ஆசைப்படக் கூடாது, அது சாம்பாருக்கு. கழுவும்போது பிளேடில் விரல் வைக்காமல் பிரஷால் தேய்க்க வேண்டும். வேலை முடிந்ததும் பிளேடை உள்ளே இறக்கித் தனி டப்பாவில் வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, என்னைத் தவிர யாரும் அதைத் தொடக் கூடாது.

"தொடலைங்க சாமி. நீங்களே கட்டிக்கிட்டு அழுவுங்க" என்றாள்.

இரண்டு வாரம் ராஜ வாழ்க்கை. பீன்ஸைத் தவிர எல்லாவற்றையும் சீவினேன். பொரியலில் அவளுக்குக் குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் முதலில் பொரியலுக்கு பீட்ரூட்டைச் சீவினேன். கையெல்லாம் சாயம். அடுத்து சாம்பாருக்கு முள்ளங்கி. அதைச் சீவிக்கொண்டிருக்கும்போது வாசலில் கேஸ் சிலிண்டர்காரர் குரல் கொடுத்தார். போய்க் கையெழுத்துப் போட்டு, சிலிண்டரில் சீல் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, அவரோடு நாலு வார்த்தை மல்லுக்கட்டிவிட்டு வந்தேன். அதற்குள் மனைவி அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருந்தாள்.

தட்டில் வெள்ளை வெளேரென்று முள்ளங்கி வில்லைகள். மேலே கிடந்த ஏழெட்டில் சிவப்பு.

"அடிப்பாவி" என்று கத்திவிட்டேன். "சீவுகட்டையத் தொட்டியா?"

"நான் ஏங்க தொடுறேன்? தண்ணி குடிக்கப் போனேன். பீட்ரூட் சாயமா இருக்கும்."

என்னிடமா? பீட்ரூட் சாயம் ஊதா பாய்ந்திருக்கும். இது ரத்தம். மற்ற சாட்சிகளையும் பார்த்தேன். முள்ளங்கியை நான் பாதியில் நிறுத்தினேன் என்று சத்தியம் பண்ணத் தயாராக இருந்தேன். கட்டையில் கிடந்ததோ கட்டை விரல் அளவு. பிடியின் முள்ளில் பீட்ரூட் ஒட்டியிருந்தது, முள்ளங்கி ஒரு நார்கூட இல்லை. ஆக, யாரோ பிடி இல்லாமல் வெறுங்கையால் மிச்சத்தைச் சீவியிருக்கிறார்கள். வீட்டில் இருப்பது இரண்டு பேர். நான் வாசலில் இருந்தேன்.

"எனக்கு முடியலன்னு காட்டத்தான் நீயே சீவிப் பாத்திருக்க. சீவினது தப்பில்ல. கையை அறுத்துக்கிட்டு மறைக்கிற பாரு, அதான் தப்பு. காட்டு கையை."

அவள் துணியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவள் கையை நான் அப்படிப் பிடித்துப் பார்த்ததில்லை. ஒவ்வொரு விரலாகத் திருப்பினேன். வலது கையில் ஒன்றும் இல்லை. இடது கையைத் திருப்பினேன். உள்ளங்கை நடுவில் பளிச்சென்று சிவப்பு.

"இதோ! இது என்ன? இதுவும் பீட்ரூட்டா?"

அவள் குனிந்து பார்த்தாள். முந்தானையால் துடைத்தாள். கை சுத்தமாக இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. எனக்கு விளங்கவில்லை. மறுபடி பிடித்துப் பார்த்தேன். மறுபடி சிவப்பு வந்தது.

அவள் இப்போது தன் கையைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள்.

"ஏங்க… ஐயோ, உங்க விரலுங்க!"

என் வலது நடுவிரல் நுனி ஒரு வில்லை கனத்துக்குப் போயிருந்தது. சாயத்தோடு சாயமாக ரத்தம் மணிக்கட்டு வரை இறங்கியிருந்தது. கதவுத் தாழ்ப்பாளில், கூடத்துத் தரையில், நான் கையெழுத்துப் போட்ட பேனாவில்கூட இருந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வேறு யாருடைய விரலையோ பார்க்கிற மாதிரிதான் இருந்தது.

குழாயில் கழுவி, வெள்ளைத் துணியை மடித்து வைத்து அழுத்திப் பிடித்தாள். பிடித்தபடியே போனில் ஆட்டோ சொன்னாள்.

"வலிக்குதாங்க?"

"வலிக்காம இருக்குமா?" என்றேன். பொய். அவள் எவ்வளவு அழுத்துகிறாள் என்பதை அவள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு என் மேலேயே பயம் வந்தது. மன்னிச்சுக்க என்று சொல்ல வாய் எடுத்தேன், வரவில்லை.

அவளுக்கும் நான் சொன்னதில் நம்பிக்கை இல்லை போலிருக்கிறது. துணி சுற்றிய கையை உயர்த்தி நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். "அடிபடாத கையை நீட்டுங்க. கண்ணை மூடுங்க. எந்த விரலைத் தொடுறேன்னு சொல்லுங்க."

"இது என்ன சின்னப் புள்ள விளையாட்டு?"

"மூடுங்கன்னு சொல்றேன்ல."

மூடினேன். இமை இடுக்கு வழியாகப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அவளுக்கா என்னைத் தெரியாது? என் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் போட்டாள். காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அழுவுறத அப்புறம் வச்சுக்க. மொதல்ல தொடு. ஆட்டோ வந்துரும்."

துண்டுக்கு உள்ளேயே தலையை அவள் பக்கம் திருப்பினேன்.

"தொடும்மா."

"புடிச்சிக்கிட்டுதாங்க இருக்கேன்" என்றாள். "அஞ்சு விரலையும்."