லீமாவில் பெய்யாத மழை

என் அகதி மனுவில் இருந்த ஒரே பொய் மழைதான். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி. அந்த ஒரு வரி மூன்று வாரம் என் கழுத்தைப் பிடித்து வைத்திருந்தது.

மட்டக்களப்பில் நான் அச்சகத்தில் வேலை செய்தவன். கலியாண வாழ்த்தும் கண்ணீர் அஞ்சலியும் அடிக்க வருகிறவர்களுக்கு வசனத்தையும் நானே எழுதிக் கொடுப்பேன். யார் செத்தாலும் என் அஞ்சலியில் வானம் அழும். சித்திரை வெயிலில் செத்தவர்களுக்கும் அழுதிருக்கிறது. ஒருவரும் குறை சொன்னதில்லை. அந்தக் கை மொன்றியலுக்கு வந்தும் அடங்கவில்லை. வரும் வழியில், பெரு நாட்டின் லீமா நகரத்தில், கனடாவுக்கு அனுப்பக் காசு வாங்கிய ஏஜென்சிக்காரன் எங்களை அடைத்து வைத்திருந்த வீட்டிலிருந்து வெளியேறிய நாளைப் பற்றி, "கொட்டும் மழையில் நனைந்தபடி வாகனத்தில் ஏறினேன்" என்று எழுதினேன். எழுதி முடித்து இரண்டு தரம் வாசித்து நானே ரசித்தேன். மடையன்.

அந்த வீட்டில் ஐந்து மாதம் இருந்தேன். மூன்றாம் மாடி, ஓர் அறை, நாலு பேர், கதவுக்கு வெளியே பூட்டு. கடல் நடந்து போகிற தூரம்தான் என்றார்கள். மணம் வரும், கடலை நான் கண்டதில்லை. கண்டது யன்னலுக்கு எதிரே நின்ற மண்மலையைத்தான். அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே, சுடாத மண் கல்லால் ஆயிரம் வருடத்துக்கு முன் கட்டிய கோயில் அது என்று சாப்பாடு கொண்டு வருகிறவன் கையாலும் வாயாலும் விளங்கப்படுத்தினான். கற்களைப் படுக்க வைக்காமல், அலுமாரியில் கொப்பி புத்தகம் அடுக்குவதுபோல நிறுத்தி வைத்திருந்தார்கள். இடையிடையே வெளி விட்டிருந்தார்கள். பூமி நடுங்கினால் கற்கள் அசைந்து கொடுக்குமாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். தொப்பி போட்ட ஒருத்தி காலையில் வந்து தூரிகையால் ஒவ்வொரு கல்லாகத் தூசு தட்டுவாள். அவள் வராத நாள் எனக்கு நகரவே நகராது.

வானம் விடிந்ததிலிருந்து பொழுது படும்வரை ஒரே சாம்பல். இப்போது கொட்டும், இதோ கொட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். யன்னல் கம்பி ஈரமாகும், தோய்த்த சேட் மூன்று நாளாகியும் காயாது, முகத்தில் பனிப்புகார் மாதிரி ஏதோ படும். அதோடு சரி. புறப்படும்போது மனைவி கையில் தந்த குடை சுவரில் ஆணியில் தொங்கியது. அறையில் இருந்தவர்களுக்கு அந்தக் குடைதான் பகிடி. வெளியேறிய நாளில் ஐந்து நிமிடம்தான் தந்தார்கள். குடையை மறந்துவிட்டேன்.

விசாரணைக்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் நான் பெட்டி அடுக்கிய களஞ்சியத்தில் லீமாக்காரர் ஒருவர் வேலைக்குச் சேர்ந்தார். மத்தியானச் சாப்பாட்டு மேசையில், உங்கள் ஊரை எனக்குத் தெரியும், அந்த மண் கோயிலை ஐந்து மாதம் பார்த்தவன் நான் என்று பெருமையாகத் தொடங்கி, மனுவில் எழுதிய கதையை அப்படியே சொன்னேன். மழை வந்ததும் அவர் கரண்டியை வைத்துவிட்டார். தன் ஊரில் அப்படி மழை பெய்வதே இல்லை என்றார். கூரைத் தண்ணீர் வடிய வீடுகளுக்குப் பீலி கிடையாதாம், குடை விற்கிற கடை கிடையாதாம். ஒரு நாள் அப்படிக் கொட்டியிருந்தால் நீ பார்த்த கோயில் சேறாகிப் போயிருக்கும் என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்டால் தூறல் என்று சொல்லித் தப்பிக்கொள், எங்கள் பனித்தூறலுக்கு ஒரு பெயரே இருக்கிறது என்று அதையும் சொல்லித் தந்தார்.

தை மாதம். நிலக்கீழ் அறையில் இருந்தேன். யன்னலைப் பனி பாதிக்குமேல் மூடியிருந்தது, பகலிலும் மின்குமிழ் எரிந்தது. வழக்கறிஞருக்குச் சொல்லப் பயம்: ஒரு வரி பொய்யென்றால் மற்ற வரிகளை அவர் எப்படி நம்புவார்? மனு தோற்றால் திருப்பி அனுப்புவார்கள். வென்றால் மனைவியையும் மகளையும் கூப்பிடலாம். நான் வெளிக்கிட்டபோது மகளுக்கு நாலு வயது. லீமாவிலாவது பூட்டு வேறொருவன் போட்டது. இது என் கையாலே போட்டது. அந்த மூன்று வாரமும் ஒரு நாள் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை.

விசாரணை அதிகாரி அமைதியான மனிதர். எல்லாம் கேட்டு முடித்துத்தான் அந்தத் தாளைத் திருப்பினார். இந்த நகரத்தில் பெருமழை பெய்வதாகத் தெரியவில்லையே என்று கேட்டார். பனித்தூறலின் பெயர் என் நாக்கு நுனியில் நின்றது. சொல்லியிருந்தால் பிரச்சினை அதோடு முடிந்திருக்கும். ஆனால் இன்னொரு பொய்யையும் சுமந்துகொண்டு அந்த அறைக்குத் திரும்பிப் போக எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

"மழை பெய்யல்ல. அது நான் சேர்த்து எழுதினது," என்றேன்.

ஏன் என்று கேட்டார்.

"மழை இல்லாம எழுதினா என்ட கவலை விளங்காது எண்டு நினைச்சன்."

மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் என்னைப் பார்த்தார், பிறகு பெயர்த்தார். அதிகாரி நெடுநேரம் எழுதினார். அப்படியென்றால் அந்த யன்னலால் என்னதான் தெரிந்தது என்று கேட்டார். மண்கல்லைச் சொன்னேன், தூரிகைக்காரியைச் சொன்னேன். ஒரு தாள் வாங்கி, கற்கள் நிற்கும் விதத்தைக் கீறியும் காட்டினேன்.

ஏற்றுக்கொண்டார்கள். கடிதம் வந்த அன்று களஞ்சியத்துக் கழிவறையில் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

பிறகு குடும்பத்தைக் கூப்பிடும் பத்திரங்கள். நாங்கள் பிரிந்ததைப் பற்றி மனைவி தன் கையால் எழுத வேண்டியிருந்தது. எழுதியதைப் படம் பிடித்து அனுப்பினாள். மூன்றாவது வரியிலேயே, பஸ் நிலையத்தில் நல்ல மழை என்று இருந்தது. உடனே அழைத்து அந்த வரியை வெட்டச் சொன்னேன்.

"அண்டைக்கு மழை பெஞ்சதுதானே? குடைய உங்களுக்குத் தந்துட்டு நான் நனைஞ்சு நனைஞ்சுதானே வீட்ட போனன்," என்றாள்.

எனக்கும் தெரியும் என்றேன். இருந்தாலும் வெட்டு என்றேன். பின்னால் மகள் எதையோ சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"சரி, வெட்டுறன். வெயில் எண்டு போடட்டா?"

"ஒண்டும் போடாத," என்றேன்.