ஒரு நாள் தள்ளிப்போன பூசணிக் கேக்

டாரின் ஹூக்ஸ்ட்ராவை எங்கள் ஊரில் தெரியாதவர் கிடையாது. அவனைத் தெரியும் என்பதைவிட அவன் வண்டியைத் தெரியும் என்று சொல்வதுதான் நியாயம். அக்டோபரில் ஜனங்கள் வீட்டு இலைகளையெல்லாம் வாரித் தெரு ஓரத்தில் குவித்து வைப்பார்கள். பெரிய தும்பிக்கை மாதிரி குழாய் வைத்த நகராட்சி வண்டி ஊர்ந்து வந்து அவற்றை உறிஞ்சிக்கொண்டு போகும். அதன் சத்தத்தில் நாய்கள் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்ளும், குழந்தைகள் ஜன்னலுக்கு ஓடிவரும். உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிற தாடிக்காரன்தான் டாரின். பனி கொட்டும்போது பனி தள்ளுவான், கோடையில் சாலைக் குழிக்குத் தார் ஊற்றுவான். டெ மாய்ன் நகரத்தை ஒட்டிக்கொண்டு கிடக்கும் இந்தச் சின்ன ஊரில்தான் பிறந்தான், படித்தான், கல்யாணம் பண்ணினான். அயோவா மாநிலத்தைத் தாண்டி அவன் போனதெல்லாம் மாமனார் வீட்டுக்குத்தான்.

மாமனார் வீடு மிசூரி எல்லைக்கு அந்தப் பக்கம், ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணம். மனைவி மர்லா நர்ஸ். நல்லவள்தான், அவனும் நல்லவன்தான். ஆனாலும் இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் வாய் திறந்தால் சண்டை, மூடினால் அதைவிட மோசம். போன வருஷம் வசந்த காலத்தில் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு அவள் பிறந்த ஊருக்கே போய்விட்டாள். பையன் ரீஸுக்குப் பதினொன்று, பெண் ஹேட்டிக்கு ஏழு. மாதத்தில் இரண்டு சனி ஞாயிறு அவனிடம் வருவார்கள். மற்ற நாட்களில் டாரின் வேலை விட்டு வந்து, டிவியைப் போட்டுவிட்டு, அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பான். பிள்ளைகளின் அறைக் கதவை மூடி வைப்பதா, திறந்து வைப்பதா என்று அவனுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. இரண்டுமே வலித்தது.

ஆகஸ்டிலேயே போனில் பண்டிகைகளைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். நன்றி நாள் அவளுக்கு, கிறிஸ்துமஸ் ஆளுக்குப் பாதி.

"இந்த வருஷ ஹாலோவீன் நீ வச்சுக்க. அடுத்த வருஷம் எனக்கு" என்றாள் மர்லா.

"சரி" என்றான். தேதியை அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. ஹாலோவீனுக்கு யாராவது தேதி கேட்பார்களா?

இங்கேதான் வினை. உலகத்துக்கெல்லாம் ஹாலோவீன் அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி. எங்கள் ஊர்ப்பக்கம் மட்டும் பிள்ளைகள் வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டுப் போவது அதற்கு முந்தைய நாள் சாயங்காலம். அதற்குப் பெயரே பிச்சைக்காரர் இரவு. இன்னொன்றும் உண்டு. சும்மா பையை நீட்டினால் எங்கள் ஊரில் மிட்டாய் விழாது. வாசலில் நின்று ஒரு ஜோக் சொல்ல வேண்டும். மொக்கையாக இருந்தாலும் பரவாயில்லை, சொல்லியாக வேண்டும். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுவிட்டு எங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும். மர்லாவும் இங்கே பன்னிரண்டு வருஷம் இந்தத் தேதியில்தான் மிட்டாய் போட்டாள். ஆனால் ஊரைவிட்டுப் போன கையோடு எங்கள் தேதியையும் விட்டுவிட்டாள்.

அந்த வருஷம் முப்பதாம் தேதி வியாழக்கிழமை. டாரின் அரை நாள் லீவு போட்டான். கடையிலிருந்து இரண்டு பெட்டி கேக் மாவு, ஒரு டப்பா வெள்ளை கிரீம், நிறச் சொட்டுகள், ஒரு ஐஸ்கிரீம் கோன். பிள்ளைகள் நடை பழகிய காலத்திலிருந்து அந்த வீட்டில் ஹாலோவீன் என்றால் பூசணிக் கேக்தான். சமையலில் டாரினுக்கு முட்டை பொரிக்கத் தெரியும், இந்தக் கேக் தெரியும், அவ்வளவுதான். நடுவில் குழாய் நிற்கும் வட்ட அச்சில் ஒரு கேக், அதே அச்சில் இன்னொன்று. ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு மற்றதை அதன் மேல் நிமிர்த்தி உட்கார வைத்தால், வரிவரியாகப் பூசணிக்காய் வந்துவிடும். ஆரஞ்சு கிரீம் தடவி, உச்சியில் கோனைத் தலைகீழாகச் செருகினால் காம்பு. அச்சு ஒன்றுதான் இருந்தது. நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று கீழ்ப் பாதியை அவனே சுட்டு வைத்தான். மேல் பாதி பிள்ளைகளோடு.

வாசல் விளக்கைப் போட்டான். விளக்கு எரிந்தால் இந்த வீட்டில் மிட்டாய் உண்டு என்று அர்த்தம். மணி அடிக்கும்போதெல்லாம் அவர்கள்தான் என்று எழுந்து ஓடினான். தெருப் பிள்ளைகள் வந்தார்கள், எலும்புக்கூடு வந்தது, ஒரு சோளக்கதிர் வந்தது, ஜோக் சொன்னார்கள், இவனும் சிரித்தான். அவன் பிள்ளைகள் வரவில்லை. ஏழு மணிக்கு மேல் பொறுக்க முடியாமல் மர்லாவுக்குப் போன் போட்டான்.

"எங்க இருக்கீங்க? வழியில ஏதாச்சும் ஆயிடுச்சா?"

"எந்த வழி? நான் டூட்டியில இருக்கேன். நாளைக்குத்தானே ஹாலோவீன்?"

அதற்குள் வாசல் மணி மறுபடி அடித்தது. அது போனில் அவளுக்கும் கேட்டது. பிறகு, "அய்யோ, டாரின். அங்க இன்னிக்குத்தான்ல? எனக்குச் சுத்தமா மறந்தே போச்சு" என்றாள். அவள் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. அதனால் திட்டக்கூட முடியவில்லை. நாளைக்குச் சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பக்கத்து ஊரில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போவதாகவும், எட்டு மணிக்கு வந்து கூட்டிப்போவதாகவும் சொன்னாள். சனிக்கிழமை காலையில் ரீஸுக்குக் கால்பந்து மேட்ச், ராத்தங்க முடியாது.

மறுநாள் கார் வந்து நின்றதும் ஹேட்டி முதலில் குதித்தாள். சூனியக்காரி வேஷம், கூம்புத் தொப்பி, கையில் காலிப் பை. ரீஸ் ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு, நான் பேய், நம்பினால் நம்பு என்பது போல வந்தான். ஹேட்டி தெருவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தாள். ஒரு வாசலிலும் விளக்கு இல்லை.

"எல்லாரும் எங்கப்பா?"

டாரின் குந்தி உட்கார்ந்து உள்ளதைச் சொன்னான். நேற்றே எல்லாம் முடிந்துவிட்டது, தப்பு யார்மேலும் இல்லை, பெரியவர்கள் இரண்டு பேர் தேதி பேசிக்கொள்ளவில்லை.

அவள் உதடு துடித்தது. "நான் ஜோக் ரெடி பண்ணிட்டு வந்தேனே. நானே யோசிச்சது. யாரும் சொல்லித் தரல."

"எங்கிட்ட சொல்லும்மா."

"நீ அப்பா. உங்கிட்ட சொன்னா செல்லாது. வாசல்லதான் சொல்லணும், வேற ஆளுங்ககிட்ட." சொல்லிவிட்டு அழுதேவிட்டாள். "எங்க ஸ்கூல்ல சொன்னா யாருக்கும் புரியாதுப்பா. இந்த ஊர்லதான் புரியும்."

டாரின் மகனைப் பார்த்தான். "நீயாவது அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமேடா. இங்க முப்பதாம் தேதின்னு உனக்குத் தெரியாதா?"

ரீஸ் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "மறந்துட்டேன்பா."

மர்லா மறந்தது டாரினைக் கோபப்படுத்தியது. மகன் மறந்தது வேறு மாதிரி உள்ளே இறங்கியது. பிறந்ததிலிருந்து இந்தத் தெருவில் வேஷம் போட்டுத் திரிந்த பயல். ஒன்றரை வருஷம் அதைத் துடைத்துவிட்டதே. இன்னும் ஒன்றரை வருஷம் போனால் வேறு எதையெல்லாம் துடைக்குமோ?

"சரி, வாங்க உள்ள. பூசணிக்குப் பாதி உடம்புதான் இருக்கு. தலை இல்லாம நேத்துலேர்ந்து உக்காந்திருக்கு" என்றான்.

கேக் வேலை அழுகைக்கு நல்ல மருந்து. பாத்திரத்தில் மாவைக் கொட்டியதும் ஹேட்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டே நாற்காலி மேல் ஏறினாள். முட்டை உடைப்பது தன் வேலை என்றாள். மூன்றில் ஒன்று பாத்திரத்துக்குள், ஒன்று பாதி உள்ளே பாதி மேஜையில், ஒன்று ஓட்டோடு.

"கேக்ல எலும்பு போட்டுட்டா" என்றான் ரீஸ், ஓட்டுத் துண்டை விரலால் துரத்திக்கொண்டே. "ஹாலோவீன் கேக், பொருத்தமாத்தான் இருக்கு."

"அப்பா, இவனைப் பாரு!"

"பாத்துட்டுத்தான் இருக்கேன்" என்றான் டாரின். நிஜமாகவே அவன் வேறு ஒரு வேலையும் செய்யவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருந்தான். மகன் கிண்டுகிற கை வளர்ந்திருந்தது. மகளுக்கு முன்பல் ஒன்று புதிதாக முளைத்துக்கொண்டிருந்தது, விழுந்த பல்லை அவன் பார்க்கவே இல்லை. அடுப்பில் கேக் உப்பி வந்து வீடு முழுக்க வாசனை பரவியபோது, இந்த வாசனை நாளைக்கும் இருக்குமா என்று ஒரு நினைப்பு வந்தது. அதை உடனே அடக்கினான். இருக்கிற இரண்டு மணி நேரத்தையும் நாளைக்காகச் செலவழிப்பானேன்?

வெந்த கேக்கை ஆற வைக்கப் பொறுமை இல்லாமல் பின்வாசல் குளிரில் கொண்டுபோய் வைத்தார்கள். அப்படியும் முழுசாக ஆறவில்லை. நேற்றைய பாதி கீழே, இன்றைய பாதி மேலே. ஆரஞ்சு கிரீமைத் தடவத் தடவ அது இளகி வழிந்தது, மேல் பாதி மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்தது.

"பூசணிக்குக் கழுத்துப் பிடிச்சுக்கிச்சு" என்றாள் ஹேட்டி. அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். ரீஸ் பச்சை தடவிய கோனை உச்சியில் குத்தி நிறுத்தினான். கோணல்தான், ஆனால் பூசணிக்காய். பார்க்கிற யாரும் அதை இல்லையென்று சொல்ல முடியாது.

எட்டாகக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. ரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு தங்கையைத் தள்ளிக்கொண்டு போனான். "கிளம்பு. நான் போர்வையை எடுத்துக்கறேன், நீ தொப்பியை வச்சுக்க. காரேஜ் வழியா வெளிய போயி நம்ம வீட்டு மணியையே அடிப்போம். அப்பா, வாசல் விளக்கைப் போடு. வேற ஆளு மாதிரி இரு, சரியா? எங்களைத் தெரியாத மாதிரி."

தெரியாத மாதிரி. டாரின் தலையாட்டினான். விளக்கைப் போட்டு, இரண்டு துண்டு கேக்கைக் காகிதத் தட்டில் வைத்துக்கொண்டு, உள்பக்கம் கதவுக்குப் பின்னால் நின்றான். பையன் தேதியை மறந்தாலும் தங்கையை மறக்கவில்லை என்று நினைத்தபோது கண் கரித்தது.

மணி அடிக்கவில்லை. வெளியே யாரோ பேசும் குரல் கேட்டது. கதவை ஒரு கோடு திறந்து பார்த்தான்.

எதிர்வீட்டு கார்லீன். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், போன வாரம்தான் தெருவுக்குக் குடிவந்தாள், எந்த வீட்டில் யார் என்று இன்னும் பிடிபடவில்லை. தெரு முழுக்க இருட்டில் ஒரே ஒரு வாசல் விளக்கு எரிவதையும், அதன் கீழே இரண்டு வேஷக்காரர்களையும் பார்த்துவிட்டு, ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நேற்றைய மிச்ச மிட்டாய்க் கிண்ணத்தோடு சாலையைக் கடந்து வந்திருந்தாள்.

"பேயாரே, நேத்தே எல்லாம் முடிஞ்சு போச்சே! காலண்டர் பாக்கற பழக்கம் இல்லையா?" என்றாள். "சரி, வந்ததுதான் வந்தீங்க. ஜோக் எங்க? ஜோக் இல்லேன்னா மிட்டாய் கிடையாது, ஆமா."

ஹேட்டி தொப்பியை நேராக்கிக்கொண்டாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"சூனியக்காரி ஏன் துடைப்பத்துல பறக்கறா?"

"ஏன்?"

"ஏன்னா, இலை உறிஞ்சற வண்டியை டாரின் யாருக்கும் தர மாட்டேங்கறாரு!"

கார்லீன் ஒரு நொடி நின்றாள். பிறகு தெரு அதிரச் சிரித்தாள். அந்த வண்டியின் சத்தத்தில் இந்த வாரம் முழுக்கத் தூக்கம் கெட்டவள் அவள். சிரிப்பில் கிண்ணம் சாய்ந்து மிட்டாய்கள் நடைபாதையில் சிதறின. "அந்தத் தாடிக்காரனா! அவன் தர மாட்டான், கல்லுளிமங்கன்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கதவுக்குப் பின்னால் டாரினும் சிரித்தான், சத்தம் வராமல், கேக் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. தன் பெயரை வைத்து, தன் வண்டியை வைத்து, மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் எங்கோ ஒரு கட்டிலில் படுத்துக்கொண்டு இதை ஹேட்டி யோசித்திருக்கிறாள். அவன் இல்லாத ஊரில் அவனை நினைத்திருக்கிறாள். தான் மட்டும்தான் பிள்ளைகளை நினைத்துக்கொண்டிருப்பதாக இத்தனை நாளும் இருந்தான்.

தெருமுனையில் மர்லாவின் கார் விளக்கு திரும்பியது.

மிட்டாய்களைப் பொறுக்கி ஹேட்டியின் பையில் போட்டுக்கொண்டே கார்லீன் கேட்டாள். "டாரினை உனக்கு எப்படித் தெரியும்? உன்னை நான் இந்தப் பக்கம் பாத்ததே இல்லையே. நீ எந்த வீட்டுப் பொண்ணும்மா?"

டாரின் கதவிடுக்கில் காதை வைத்தான். ரீஸ் தங்கையைப் பார்த்தான். கார் மெதுவாக வந்து ஓரத்தில் நின்றது. ஹேட்டியின் பள்ளிக்கூடம், படுக்கை, புத்தகப்பை, விழுந்த பல்லை அடியில் வைத்துத் தூங்கிய தலையணை எல்லாமே அந்தக் கார் போகிற ஊரில் இருந்தன.

ஹேட்டி திரும்பி விளக்கைப் பார்த்தாள். கோடு திறந்திருந்த கதவைப் பார்த்தாள்.

"இந்த வீடுதான்" என்றாள். பிறகு கதவிடுக்கில் கையை விட்டுத் தன் கேக்கை வாங்கிக்கொண்டு, அம்மாவின் காரை நோக்கி ஓடினாள்.