ஒற்றைக் காதால் உடைந்த ராக் குழு

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டுத் தேனியில் வேலைக்குக் காத்திருந்த நேரம். அப்போது நான் ஒரு ராக் குழுவில் பாடிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள், தேனியிலும் ராக் குழு இருந்தது. எலெக்ட்ரிக் கிதாரும் டிரம்ஸும் காதை அடைக்கும், பாட்டு மட்டும் நல்ல தமிழில் இருக்கும். மெல்லிசை என்று நம்பி வந்தவர்கள் முதல் பாட்டிலேயே நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொள்வார்கள்.

எங்கள் குழு பாட்டைவிடச் சண்டைக்குப் பேர் போனது. முதல் பாடகர், ஆம்ப்ளிஃபயரோடு தன் தொண்டை மல்லுக்கட்ட முடியாது என்று பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டுப் போனார். அடுத்தவர் பாதிக் கச்சேரியில் மேடையை விட்டு இறங்கிப் போய், சின்னமனூரில் போட்டிக் குழு ஆரம்பித்தார். ஆண்கள் தீர்ந்த பிறகுதான் சர்ச்சில் பாடிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார்கள். டிரம்ஸின் முகத்தில் எழுதியிருந்த பெயரில் ‘பாய்ஸ்’ என்பதை மட்டும் பெயிண்ட் பூசி அழித்தார்கள். மிச்சம் ‘ஃபயர்’ மட்டும் நின்றது. எங்களுக்கு அது பொருத்தம்தான்.

மற்ற குழுக்களிலும் கேட்டுப் பார்த்தவள்தான் நான். “பொம்பளப் பிள்ளைக்கு இம்புட்டுத் தொண்டை ஆகாதும்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இந்தக் குழு போனால் எனக்கு வேறு மேடை கிடையாது.

கிதார்காரரின் தங்கையைத்தான் டிரம்ஸ்காரர் கட்டியிருந்தார். பேஸ் கிதார் வாசித்தவர் போடியில் ஏலக்காய் வியாபாரி. கருவிகள் எல்லாம் அவர் மூட்டைகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கியில்தான் இருக்கும், பெட்டியைத் திறந்தாலே ஏலக்காய் மணக்கும்.

டிரம்ஸ்காரர் தன் பெண்குழந்தைக்குக் காதுகுத்து வைத்தார். அதற்கு முந்தின நாள் குமுளியில் எங்களுக்குக் கச்சேரி. வீட்டு விசேஷம் என்று டிரம்ஸ்காரர் வரவில்லை. முகூர்த்தத்துக்குள் வந்துவிடுவதாகத் தங்கைக்குச் சத்தியம் செய்துவிட்டுக் கிதார்காரர் வந்தார். திரும்பும்போது மலைப்பாதையில் பாறை சரிந்து வண்டிகள் எல்லாம் நின்றுவிட்டன. நாங்கள் சீர்த்தட்டோடு போய் இறங்கும்போது பந்தி நடந்துகொண்டிருந்தது.

தாய்மாமன் மடியில் வைத்துக் குத்த வேண்டிய காதை, நேரம் தவறுகிறது என்று ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் மடியில் வைத்துக் குத்தியிருந்தார்கள். அதுவும் ஒரு காதுதான். வலது காது குத்தியதுமே குழந்தையின் அம்மா பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாராம். “இந்தக் காது எங்கண்ணன் மடிக்கு. அவுக வரட்டும்” என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார்.

அண்ணன் வந்தார், பார்த்தார். “ஏன் மாப்ள, என் மடிய என்ன கரையானா அரிச்சிருச்சு?”

“மருமகளவிடக் கிதார்தான் பெருசுன்னு போனவுகளுக்கு மடி ஒரு கேடா?” என்றார் டிரம்ஸ்காரர்.

அவ்வளவுதான். சீர்த்தட்டு வாசலிலேயே இருந்தது, கிதார்காரர் போய்விட்டார். அன்றோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. குழந்தை ஒற்றைக் காதில் கம்மலோடு ஊரெல்லாம் வளையவந்தது.

வடுகபட்டித் திருவிழாவுக்கு ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருந்தோம். இரண்டு பேர் வீட்டுக்கும் நடையாய் நடந்தேன். “அவன் ஏறுற மேடையில நான் ஏற மாட்டேன்” என்றார் ஒருவர். மற்றவரும் அதையே சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இவர்கள் மடிச் சண்டைக்கு என் தொண்டையை ஏன் அடைக்க வேண்டும்?

நேராகக் குழந்தையின் அம்மாவிடம் போனேன். “வடுகபட்டிக்குப் பிள்ளையத் தூக்கிட்டு வர்றீங்களாக்கா?” என்றேன். அவர் சிரித்துவிட்டு, “ஆசாரியையும் கையோட கூட்டியாரேன். அங்கன வச்சே முடிச்சிருவோம்” என்றார்.

கச்சேரி நாளன்று போடிக்குப் போய், கிட்டங்கியில் இருந்த அத்தனை கருவிகளையும் வேனில் ஏற்றச் சொன்னேன். “ரெண்டு பேரும் வரலைன்னா?” என்றார் ஏலக்காய்க்காரர்.

“நீங்க வாசிங்கண்ணே, நான் பாடுறேன்” என்றேன். உண்மையிலேயே அந்த முடிவோடுதான் போனேன்.

கருவிகள் கிளம்பிய செய்தி போன வேகத்தில் வெயில் தாழ்வதற்குள் இருவரும் வடுகபட்டிக்கு வந்துவிட்டார்கள். வாசிக்க இல்லை, தங்கள் சாமான்களைத் திருப்பி எடுத்துக்கொண்டு போக. கிதார்காரர் மேடையேறி ஸ்டூலில் உட்கார்ந்து ஒயரைக் கழற்றிக்கொண்டிருந்தார். டிரம்ஸ்காரர் அந்தக் கோடியில் திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தார். அப்போது அந்த அக்கா மேடையேறி வந்து, குழந்தையை அண்ணன் மடியில் வைத்தார். பின்னாலேயே ஆசாரி ஊசியோடு வந்து நின்றார்.

கிதார்காரர் எழுந்திருக்கப் பார்த்தார். மடியில் பிள்ளை. எப்படி எழுந்திருப்பார்? குழந்தை வேறு அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்து ஒயரைக் கீழே போட்டார்.

ஆசாரி ஊசியை வைத்ததும் குழந்தை திமிறியது. மைக்செட்காரர் சோதித்துவிட்டு அணைக்காமல் விட்ட மைக் பக்கத்திலேயே இருந்ததால், பிள்ளையின் அலறல் வடுகபட்டி முழுக்கக் கேட்டது. டிரம்ஸ்காரர் பதறி எழுந்தார்.

“மச்சான், தலை ஆடாமப் பிடிங்க! கண்ணுல பட்டுறப் போகுது!”

அத்தனை நாள் கழித்து அவர் பேசிய முதல் வார்த்தை அது.

“பிடிச்சிருக்கேன் மாப்ள. நீ எதையாவது தட்டு, பிள்ள அங்கிட்டுப் பாக்கட்டும்!”

டிரம்ஸ்காரர் குச்சிகளை எடுத்து டிரம்ஸில் உருட்டினார். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தது. ஆசாரி அந்தக் கணத்தில் காதைக் குத்தி முடித்துவிட்டார். சத்தம் கேட்டுக் கச்சேரி ஆரம்பித்துவிட்டது என்று ஊர் ஜனம் ஓடி வந்தது. வந்த கூட்டத்தைத் திருப்பி அனுப்ப முடியுமா? நான் மைக்கைப் பிடித்தேன்.

அன்றைக்குப் பாடிய மாதிரி நான் அதற்குப் பிறகு பாடியதில்லை. கச்சேரி முடியும்வரை யாரும் நாற்காலியை நகர்த்தவில்லை. அதற்காக எங்கள் குழு அன்றோடு திருந்திவிட்டது என்று நினைக்காதீர்கள். அதன் பிறகும் இரண்டு முறை உடைந்தது, இரண்டு முறையும் நான்தான் வேனைக் கூப்பிட்டேன். கடைசியில் ஆளுக்கொரு பிழைப்பாகப் பிரிந்தபோதுகூட எங்களுக்குள் பேச்சு நிற்கவில்லை.

பிறகு எனக்கு டீச்சர் வேலை கிடைத்தது. பள்ளியிலும் சரி, வீட்டிலும் சரி, இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தால் யார் பக்கம் நியாயம் என்று நான் கேட்பதே இல்லை. நான்கு கைகள் சேர்ந்தால்தான் முடியும் என்கிற ஒரு வேலையை இருவர் மடியிலும் வைத்துவிட்டுத் தள்ளி நிற்கிறேன்.