எதிராளிக்கும் மருந்து கொடுத்த என் தங்கை

செங்கத்தில் நடந்த அந்த மாயாஜாலச் சீட்டுப் போட்டியை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. நானும் தங்கை செல்வியும் ஜவ்வாது மலையிலிருந்து அதற்காகவே பஸ் பிடித்துப் போனோம். நான்கு பேர் ஆடும் ஆட்டம்; எங்கள் இருவருக்கும் ஒரே மேசை. கடைசிவரை உயிரோடு இருப்பவர் சென்னைப் போட்டிக்குப் போகலாம். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். கணக்குப் போட்டு, என் சீட்டுக்கட்டை டிராகன்களாலேயே நிரப்பியிருந்தேன். செல்வியின் கட்டு முழுக்க, அடிபட்டவருக்கு உயிரேற்றும் மருந்துச் சீட்டுகள். அதையும் எதிராளிகளுக்கே கொடுத்தாள்.

“இன்னாடி பண்ற? அவங்கள சாவ வுடு!”

“இரு, அக்கா. இன்னைக்கு நாம அவங்க கொல்லையில களையெடுத்தா, நாளைக்கு நம்ம கொல்லைக்கு வர மாட்டாங்களா?”

“இது சாமைக் கொல்லை இல்லடி!”

மேசையே சிரித்தது. என் டிராகன்கள் எதிராளிகள் இருவரையும் சுட்டுப் பொசுக்கின; செல்வியின் மருந்தால்தான் அவர்கள் பிழைத்திருந்தார்கள். அப்போது எதிரே இருந்த ஒடுகத்தூர் பெண்ணுக்கு இடிச்சீட்டு வந்தது. ஒருவரை அடியோடு வீழ்த்தும் சீட்டு அது.

“உங்க தங்கச்சி மருந்து குடுத்தாங்க. நீங்க இன்னாங்க குடுத்தீங்க?” என்று கேட்டு, அதை என்மேல் போட்டாள்.

செல்வி பதறிப்போய் எனக்காக மருந்துச் சீட்டைத் தேடினாள். எல்லாம் தீர்ந்திருந்தது. மற்ற இருவரும் அவளைத் தொடாமல், தங்களுக்குள் அடித்துக்கொண்டு விழுந்தார்கள்.

சென்னைக்கு அவள்தான் போனாள். என் கட்டில் குறையே இல்லை என்றுதான் இன்னும் வாதாடுகிறேன். ஆனால் நான் விழுந்தபோது அந்த மேசையில் பதறியது அவள் ஒருத்திதான்.