மஞ்சள் துணிக்குள் ஒரு ரோமானியப் பாம்பு

ரோமானிய நாணயங்களைச் சேர்ப்பவர்களில் பெரும்பாலோர் பேரரசர்களை வரிசைப்படுத்திச் சேர்ப்பார்கள். எனக்கு அந்த ஆண்களின் தாடைகளில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. பாம்பு பொறித்தவற்றை மட்டும் சேர்ப்பதென்று முதுகலை முதலாண்டில் முடிவுசெய்தேன். சங்கரன்கோவில்காரி வேறு எதைச் சேர்ப்பாள் என்றார் அப்பா. எங்கள் கோயிலில் புற்றுமண்தான் பிரசாதம். வீட்டில் பாம்போ தேளோ தென்பட்டால், அதன் உருவம் அடித்த வெள்ளித் தகட்டை உண்டியலில் போடுவதாக நேர்ந்துகொள்வார்கள். என் தேர்வுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று அப்பாவிடம் மூன்று காரணங்களோடு விளக்கினேன். அவர் மூன்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

விதிகளை நானே வகுத்தேன். பாம்பு தலைமுதல் வால்வரை தெரிய வேண்டும். வெறும் கண்ணால் தெரிய வேண்டும். பாம்பென்று நம்பி வாங்கிய ஒன்றில் அழுக்கு நீங்கியதும் கப்பல் கயிறு வெளிப்பட்டது. அதை மேசை இழுப்பறைக்கு நாடு கடத்தினேன். இரண்டாண்டுகளில் ஐந்து நாணயங்கள் தேறின. எகிப்தில் அடித்த ஒன்றில் பாம்பு மகுடம் சூடியிருக்கும். நான்கு வெண்கலம், ஒன்றே ஒன்று வெள்ளி. அந்த வெள்ளி நாணயத்தில், உடல்நலத்தைக் காக்கும் தெய்வமான சலூஸ், பலிபீடத்திலிருந்து எழும் பாம்புக்குத் தட்டில் உணவு நீட்டுவாள். தொகுப்பின் மையம் அவள்தான். மற்ற நான்கையும் அவளை நோக்கியே அடுக்கியிருந்தேன்.

திருநெல்வேலியில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து தொகுப்பைத் திறந்தபோது, சலூஸின் உறையில் நான் எழுதிய குறிப்புச்சீட்டு மட்டும் இருந்தது. எடை, விட்டம், தேய்மானம் எல்லாம் சரியாக இருந்தன. நாணயம் இல்லை.

அம்மா மறைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை சலவை இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு பாம்பு புகுந்துவிட்டதாம். அப்படியே நின்ற இடத்தில், வெள்ளியில் பாம்பு போடுவதாக வேண்டிக்கொண்டாளாம். நேர்ந்துகொண்டால் உடனே மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்துவைக்க வேண்டும். ஆனால் காய்கறிக்காரருக்குக்கூட அப்பா கைபேசியில் பணம் அனுப்பத் தொடங்கியபின் எங்கள் வீட்டில் சில்லறை என்பதே கிடையாது. அம்மா வீடு முழுவதும் தேடி, கடைசியில் என் மேசைக்கு வந்திருக்கிறாள். காசும் அதுவே, வெள்ளியும் அதுவே, பாம்பும் அதுவே. முடிந்துவைத்த கால்மணி நேரத்தில் பாம்பு தானாக வெளியேறிவிட்டது. திங்கட்கிழமை கோயிலுக்குப் போய் உண்டியலில் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி.

அதிகம் பேசும் வழக்கம் எனக்கில்லை. அன்று பேசினேன். அது நம் அம்மன் இல்லை, ரோமானியர்களின் தெய்வம் என்றேன்.

“யாரா இருந்தா என்னட்டி? பாம்புக்குப் பால் ஊத்துதால்லா.”

அது பால் அன்று, தட்டில் இருப்பது உணவுப் படையல் என்று திருத்தினேன். அம்மா என்னை இரக்கத்தோடு பார்த்தாள். முடிந்ததை அவிழ்க்கக் கூடாது என்பதோடு பேச்சு முடிந்தது.

மறுநாள் அப்பா ஒரு வழி சொன்னார்: பூக்கட்டிப் பார்க்கலாம். சிவப்புப் பூ வந்தால் நாணயம் உண்டியலுக்கு. வெள்ளைப் பூ வந்தால் நாணயம் எனக்கு, கடையில் விற்கும் வெள்ளித் தகடு உண்டியலுக்கு. அம்மா உடனே ஒப்புக்கொண்டாள். அம்மனே சொல்லிவிட்டால் அவளுக்கு வேறு கேள்வி இல்லை. அப்பா தினசரித் தாளைக் கிழித்து இரண்டு பொட்டலம் மடித்துச் சாமி படத்தின் முன் போட்டார். எடுத்தேன், வெள்ளை அரளி. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முடிச்சை அவிழ்த்து நாணயத்தை என் கையில் வைத்தாள். சலூஸின் முழங்கையிலும் பாம்பின் வளைவுகளிலும் மஞ்சள் ஏறியிருந்தது.

மற்றப் பொட்டலத்தை அப்பா அவசரமாகச் சட்டைப் பைக்குள் திணித்ததை நான் கவனித்தேன். தாலுகா அலுவலகத்தில் முப்பதாண்டுகளாகக் காகிதம் மடிப்பவர் அந்த ஒன்றை மட்டும் சரியாக மடிக்கவில்லை. ஓரத்தில் ஓர் இதழ் நீட்டிக்கொண்டிருந்தது. அதுவும் வெள்ளை.

இரண்டு நாட்கள் அந்த இதழ் என்னைப் படிக்கவிடவில்லை. ஒரு நாணயம் எங்கிருந்து, யார் கைமாறி, எப்படி வந்தது என்பதைப் பிழையின்றி எழுதிவைப்பது சேகரிப்பவரின் முதல் கடமை. சலூஸின் சீட்டில் இப்போது நான் என்ன எழுதுவது? சொன்னால் நாணயம் உண்டியலுக்குப் போகும். சொல்லாவிட்டால் தொகுப்பின் மையத்திலேயே ஒரு பொய் உட்கார்ந்திருக்கும்.

திங்கட்கிழமை அம்மாவோடு நானும் போனேன். நாணயத்தைக் கைப்பைக்குள் வைத்திருந்தேன். சன்னதித் தெருக் கடையில் அவள் தகட்டைத் தேர்ந்துகொண்டிருந்தபோது, இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூதான் இருந்தது என்று சொல்லிவிட்டேன். நாணயத்தையும் எடுத்து நீட்டினேன்.

அம்மா அதைத் தொடவில்லை. தகடுகளைப் புரட்டுவதையும் நிறுத்தவில்லை.

“உங்கப்பா மடிச்சா ரெண்டும் வெள்ளையாத்தான்ட்டி இருக்கும். எங்க கல்யாணத்துக்குப் பூப் பாக்கும்போதும் அவுகதான மடிச்சாக.”

அப்பா அம்மாவுக்கு அத்தை மகன். பெண்பார்க்கும் தரப்பும் பூ மடிக்கும் தரப்பும் ஒன்றாக இருந்ததை அன்றைக்கு ஒருவரும் குறையாக எண்ணவில்லை போலும். தெரிந்தும் ஏன் ஒப்புக்கொண்டாய் என்று கேட்டேன். அன்றைக்கா, சனிக்கிழமையா என்று அவள் திருப்பிக் கேட்டாள். 

கடைக்காரரிடம் அவள் இரண்டு பாம்புத் தகடு கேட்டு வாங்கினாள். வீட்டுக்கு வந்தது ஒரே பாம்புதானே என்றேன்.

“ஒண்ணு பாம்புக்கு. இன்னொண்ணு பொய்க்கு. அதை நீ போடு, உங்கப்பா பேரைச் சொல்லிப் போடு.”

போட்டேன். சலூஸ் உறைக்குத் திரும்பிவிட்டாள். மஞ்சளை நான் துடைக்கவில்லை. குறிப்புச்சீட்டைப் புதிதாக எழுதினேன்: எடை, விட்டம், தேய்மானம், அதன் கீழே, முன்னாள் உடைமையாளர், சங்கரன்கோவில் அம்மன், நான்கு நாட்கள். அப்பா படித்துப் பார்த்துவிட்டு, தேதி போடவில்லையே என்று மட்டும் குறை சொன்னார்.