தம்பிக்கு அருவருப்பு வந்த நாள்

என் தம்பி பல் செட் செய்கிறவன். பல் மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சுகளை வைத்துக்கொண்டு, ஒரு சிறிய அறையில் மெழுகும் பிளாஸ்டருமாகவே வாழ்நாளைக் கழிப்பவன். அச்சுகள் எச்சில் காயாமல் வந்து சேரும். சிலவற்றில் ரத்தம் இருக்கும், சிலவற்றில் சாப்பாட்டுத் துணுக்கு ஒட்டியிருக்கும். கழுவி ஒரு பக்கம் தள்ளிவிட்டு, அதே மேசையில் டிபன் பாக்ஸைத் திறப்பான். "எப்படிடா உள்ள இறங்குது?" என்று கேட்டால், "வாய்தானேண்ணா, எல்லாருக்கும் இருக்கறதுதானே" என்பான். எதற்கும் அவன் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை, அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

அன்று அக்கா எங்கள் இருவரையும் பூங்காவில் நடந்த கைவினைத் திருவிழாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் கணவர், எங்கள் அத்தான், இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. சமையலறைச் சுவர் மொட்டையாக இருக்கிறது, கையால் செய்தது ஏதாவது வாங்கி மாட்ட வேண்டும் என்பது அவள் ஆசை.

உள்ளே நுழைந்ததுமே நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். முதல் நாள் மழை பெய்திருந்தது. சேற்றில் யாரோ கொட்டிய பழச்சாற்றில் ஈ மொய்த்தது. தற்காலிகக் கழிப்பறைகளை ஒட்டியே மிட்டாய்க் கடை போட்டிருந்தார்கள். இன்னொரு கடையில் மனித முடியால் பின்னிய கைப்பைகள். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ஒரு முடி விரலில் சுற்றிக்கொண்டு, போக மாட்டேன் என்றது. "நல்லா தொட்டுப் பாருங்க சார், இயற்கையானது" என்றார் கடைக்காரர். விரலைச் சட்டையில் துடைத்தேன். சட்டையை எதில் துடைப்பது என்று தெரியவில்லை.

முகமூடிக் கடையில் அக்கா நின்றுவிட்டாள். எல்லாம் காகிதக்கூழில் செய்த முகங்கள். பசை நாற்றம் மூக்கை அடைத்தது. ஒரு முகம் மட்டும் வாய் நிறையச் சிரித்தது.

"இது நல்லாருக்குடா. இதையே வாங்கிடலாம்."

தம்பி எட்டிப் பார்த்தான். உடனே என் முழங்கையைப் பிடித்து அடுத்த கடைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான்.

"அண்ணா, அது அத்தானோட பல்லு."

"உளறாதே."

"நான் செஞ்சது எனக்குத் தெரியாதா?"

அவன் உளறவில்லை. அத்தானுக்கு இடப்பக்க முன்பல் பக்கத்துப் பல்லின்மேல் லேசாக ஏறியிருக்கும். பல் செட் கட்டும்போது அதை நேராக்கக் கூடாது என்று அடம்பிடித்தார். பொய்ப்பல் என்று ஒருவனும் கண்டுபிடிக்கக் கூடாதாம். தம்பி ராவி ராவி அந்தப் பல்லை ஏற்றி வைத்தான். அவன் வேலையிலேயே அதுதான் முதல்தரம். அத்தான் எங்கே சிரித்தாலும், இவன் சுற்றி நிற்பவர்களின் முகத்தைப் பார்த்துப் பூரித்துப்போவான்.

"அக்கா அதை வாங்கிடக் கூடாதுண்ணா. செத்த மனுஷன் வாய்க்கு முன்னால நின்னு தெரியாம சமைப்பா. பின்னால தெரிஞ்சா தாங்க மாட்டா."

திரும்பி வந்து வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"காகிதம்க்கா. கரப்பான் அரிச்சிடும்."

"என் சமையல்கட்டுல கரப்பானா? யாருகிட்ட பேசுற?"

"கலரும் மட்டம்."

"நாம என்ன, பொண்ணு பாக்கவா வந்திருக்கோம்?"

கடைக்காரப் பெண்ணுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "நிஜமான பல் செட்மா. பழைய சாமான் கடையில கிடைச்சது. அதான் சிரிப்புல உயிர் இருக்கு."

"கழுவினியாம்மா?" என்றான் தம்பி.

"கழுவினா கறை போயிடுமே சார். கறைதான் அழகு."

குனிந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. பல்லிடுக்கில் பழுப்பாக என்னவோ உறைந்திருந்தது. ஈறின் ஓரத்தில் பசை எச்சில்போல வழிந்து காய்ந்திருந்தது. தம்பி வாயைப் பொத்திக்கொண்டு வேலியோரம் ஓடினான். ஊரார் வாயையெல்லாம் கையில் எடுத்தவன் அங்கே குனிந்து வாந்தி எடுத்தான்.

"டேய், காலையில எதைத் தின்னு தொலைச்ச?" என்று அக்கா முதுகைத் தடவினாள்.

இனி மறைக்க அவனுக்குத் தெம்பில்லை. "அக்கா, அது அத்தானோட வாய்."

"தெரியும்."

நாங்கள் இருவரும் அவளையே பார்த்தோம்.

"வருஷக்கணக்கா தலைமாட்டுல கிளாஸ் தண்ணியில கிடந்த பல்லு எனக்குத் தெரியாதா? நான்தான் பழைய சாமான்காரர்கிட்ட டப்பாவோட தூக்கிக் குடுத்தேன்."

"தெரிஞ்சுமா வாங்குற?"

"'உங்க வீட்டுக்காரர் சிரிச்சா என்ன லட்சணம்!'னு ஊரே சொல்லும். நீயுந்தான் சொல்லுவே. வீட்டுக்குள்ள வந்து சட்டையைக் கழட்டும்போதே மனுஷன் அதையும் கழட்டி வச்சிடுவாரு. என்னைத் திட்டுறதுக்குப் பல்லு எதுக்கு? எனக்கு வாய்ச்சது வெறும் ஈறுதான். இனிமேலாவது என்னைப் பாத்துச் சிரிக்கட்டும்."

தம்பி வாயைத் துடைத்துக்கொண்டு எங்களோடு கடைக்குத் திரும்பி வந்தான். அந்த முன்பல்லை அவன் பார்த்த பார்வை, சோற்றில் கிடக்கும் எதையோ பார்ப்பதுபோல இருந்தது. முகமூடியைத் தொட மாட்டேன் என்றுவிட்டான். செய்தித்தாளில் சுற்றியதை நான்தான் உடம்பில் படாமல் கையை நீட்டிப் பிடித்துச் சுமந்து வந்தேன்.

இப்போது அது அடுப்புக்கு எதிரே தொங்குகிறது. எண்ணெய்ப் புகை பல்லில் பிசுக்காகப் படிய, அக்கா ஒரு பழைய பிரஷ்ஷால் அதைத் தேய்த்து விடுகிறாள். தம்பி அவளைப் பார்க்க வராமல் இல்லை. ஆனால் கூடத்தோடு சரி. தண்ணீரைக்கூடக் கையோடு கொண்டுவந்துவிடுகிறான்.

"உள்ள வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போயேன்டா. உங்க அத்தான் எப்படிச் சிரிச்சுக்கிட்டே கூப்பிடுறாரு பாரு."

"பசிக்கலக்கா" என்று சொல்லிவிட்டு அவன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறான்.